தாங்கும் சுரம்



நம் ஆலயங்களில் இசைக்கருவி என்றவுடன் ஆர்மோனியத்தையும் தபேலாவையும் மட்டுமே எண்ணிய காலம் மலையேறிவிட்டது. கீபோர்டு வந்தது, கிட்டார் வந்தது, இப்பொழுது நான்கே கம்பிகளோடும் நீண்ட கழுத்தோடும் ஒரு கருவி பாடற்குழுவின் ஓரத்தில் வந்து நிற்கிறது. பாஸ் கிட்டார் என்பது அதன் பெயர். இது என்ன கருவி, இதற்கு இத்தனை ஆயிரம் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று மேலூர் வட்டாரத்துப் பெற்றோர் பலர் இவ்வாண்டில் நம்மிடம் வினவியுள்ளனர். அவர்களுள் ஒரு தாயின் கேள்வி நம் நெஞ்சில் தைத்தது. "சாமி, பையன் வீட்டில் வாசிக்கிறான், ஒன்றுமே காதில் விழவில்லை. கேட்காத வாத்தியத்துக்கா இம்புட்டுக் காசு?"

கேள்வி எளியது, விடை அத்துணை எளியதன்று. ஆகவே இத்திங்கள் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

கேளாமல் கேட்கும் ஒலி

சாதாரணக் கிட்டாருக்கு ஆறு கம்பிகள். பாஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் நான்கு. கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகள் எந்தச் சுரங்களில் நிற்கின்றனவோ, அதே சுரங்களில்தாம் இதன் கம்பிகளும் நிற்கின்றன. ஆனால், முழுதாக ஒரு ஸ்தாயி கீழே. நம் தமிழிசை மரபு ஒலியை மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலைகளாகப் பகுத்தது. பாஸ் கிட்டார் மெலிவுக்கென்றே பிறந்த கருவி. அதன் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது; அடுத்த கம்பிகள் 55, 73, 98 எனப் படிப்படியாக ஏறுகின்றன.

இத்துணைத் தாழ்ந்த ஒலியை மனிதச் செவி எளிதில் உணர்வதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-ஆம் ஆண்டிலேயே இதனை அளந்து காட்டினர். நடுத்தரமான ஒலியும் தாழ்ந்த ஒலியும் ஒரே அளவாய்ச் செவியில் பட வேண்டுமானால், தாழ்ந்த ஒலிக்குப் பன்மடங்கு வலிமை தரவேண்டும். மேலும், பாஸ் கிட்டாரின் உடல் பெரும்பாலும் உள்ளீடற்ற பெட்டியன்று, கட்டியான மரப்பலகை. கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பினாலன்றி அதற்குக் குரலே இல்லை. கைப்பேசியின் சிறிய ஒலிவாய்க்கும் அதன் முழுக் குரலை எழுப்பும் வல்லமை கிடையாது. ஆகவே, அத்தாயின் காதில் ஒன்றும் விழாததில் வியப்பில்லை.

இனி, அது செய்யும் வேலை என்ன? கோயில் திருவிழாக்களில் நாயனக் கச்சேரி கேட்டவர்கள் ஒத்துக்காரரை நினைவுகூர்வார்கள். அவர் வாசிப்பது ஒரே சுரம். கூட்டம் அவரைப் பார்ப்பதில்லை. ஆயினும், ஒத்து நின்றுவிட்டால் நாயனத்துக்குக் கால் ஊன்ற இடமில்லை. பாஸ் கிட்டாரின் வேலையும் அவ்வகையினதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஒத்து ஓரிடத்தில் நிற்கும்; பாஸ் நடக்கும். ஒரு கையால் தாளத்தையும் மறு கையால் பாட்டையும் பிடித்துக்கொண்டு, இரண்டும் பிரிந்து போகாவண்ணம் இடையில் நடந்து செல்வதே அதன் பணி.

பிறந்த கதை

இக்கருவிக்கு முன்னோடி, ஆள் உயரம் நிற்கும் டபுள் பாஸ். அதனைப் பேருந்தில் ஏற்றவும் முடியாது. பெரிய குழுவின் நடுவே அதன் ஒலி தெளிவாகக் கேட்பதும் அரிது. 1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் கிட்டார் வடிவில் மின்சாரப் பாஸ் ஒன்றைச் செய்து பார்த்தார், அது பரவவில்லை. 1951-ல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் என்பவரே இக்கருவியை நிலைநாட்டினார். அவர் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துப் பிழைத்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். டபுள் பாஸில் விரல் எங்கே விழவேண்டும் என்பதற்கு அடையாளம் இல்லை. ஃபெண்டரோ, வீணைக்கு மெட்டுகள் இருப்பதுபோல் இதன் கழுத்தில் உலோக மெட்டுகளைப் பதித்தார். விரல் சற்று முன்பின் விழுந்தாலும் சுரம் பிசகாது. அதனால் துல்லியம் என்னும் பொருள்பட 'பிரிசிஷன்' என்றே பெயரிட்டார். கம்பியின் நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். இன்று விற்கும் கருவிகளிலும் அவ்வளவே பெருவழக்கு.

வாசிக்கத் தெரியாத ஒருவர், வாசிப்பவர்களின் சிரமத்தைக் கூர்ந்து நோக்கி இதனைச் செய்தார் என்பது நாம் கருதத்தக்கது. பிறர் தோளின் சுமையை உணர்வதற்கு அச்சுமையை நாமே சுமந்திருக்கவேண்டும் என்பதில்லை அன்றோ?

நம் மண்ணில்

இக்கருவியைத் தமிழ்ச் செவிகளுக்கு உறவாக்கியவர்களுள் முதன்மையானவர் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. அன்று அவ்வூர் நம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. 1960-களின் இறுதியில் சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, பிறருடைய ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்துப் பிழைத்து, 1976-ல் 'அன்னக்கிளி' வழியாக அவர் வெளிப்பட்டார். அவருடைய நூறாவது படமாகிய 'மூடுபனி' 1980-ல் வந்தது. அக்காலத்துப் பாடல்களை இன்று நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். பாடகர் ஒரு மெட்டில் செல்ல, அடியில் பாஸ் தனக்கென ஒரு மெட்டில் செல்வதும், இரண்டும் ஒன்றையொன்று தாங்குவதும் தெளிவாகப் புலப்படும். அவற்றை ஆண்டுக்கணக்கில் வாசித்துவரும் சசிதரன் என்பவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஏ. ஆர். ரகுமானுடைய இசையில் நெடுங்காலம் பாஸ் வாசித்த கீத் பீட்டர்ஸும் சென்னைக் கலைஞரே. பாட்டு நம் நாவில்; அதனைத் தாங்கியவர் பெயரோ நம் நினைவில் இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று நினைப்போருக்கும் ஒரு சொல். 1963-ல் அமெரிக்காவில் ஒரு ஒலிப்பதிவுக்குப் பாஸ் வாசிப்பவர் வராமற்போகவே, கிட்டார் வாசித்துவந்த கேரல் கே என்ற பெண்மணி அதனைக் கையில் எடுத்தார். பின்னர் அந்நாட்டின் தலைசிறந்த பாஸ் கலைஞர்களுள் ஒருவராக விளங்கினார். நம் நாட்டில் மும்பையைச் சேர்ந்த மோகினி டே, பாஸ் வாசிப்பவரான தம் தந்தையிடமே பயின்று, இன்று உலக மேடைகளில் வாசித்து வருகிறார். கைகள் சிறியவையாயின், 30 அங்குலக் கம்பி நீளமுள்ள குறுங்கழுத்துக் கருவிகளும் கடைகளில் உண்டு.

ஒரு தாயின் தோடு

மேலே குறித்த தாயின் கதைக்கு வருவோம். குடும்பத்தாரின் இசைவு பெற்றே எழுதுகிறோம், பெயர் வேண்டா. 2012-ல் நம் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகள் மூடப்பட்டபின் கொத்துவேலைக்குச் செல்லும் தந்தை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு பயிலும் மகன். பாஸ் கிட்டார் வேண்டும் என்று மகன் ஓராண்டாய்க் கேட்டான். தாய் தம் தோட்டை அடகு வைத்து ரூ.22,000 கொடுத்தார். மகன் நண்பர்கள் இருவரோடு நகரத்துக் கடையொன்றுக்குச் சென்றான். வெளிநாட்டுச் சரக்கு என்றார்கள். பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்றார்கள். கிட்டாரும் ஒரு சிறு ஒலிபெருக்கியுமாக வீடு வந்து சேர்ந்தான்.

சித்திரை வெயில். தகரக் கூரை வீடு. ஒரே மாதத்தில் கருவியின் கழுத்து வில்லாய் வளைந்தது. கம்பிகள் மெட்டுகளைவிட்டு மேலெழும்பி விரலை அறுத்தன. ஐந்தாம் மெட்டுக்கு மேலே ஒரு சுரமும் சேரவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். விற்ற பொருளுக்குப் பொறுப்பில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பையன் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தேர்வுக்குப் படிக்கவேண்டும் என்று தாயிடம் சொல்லிவிட்டான். அத்தாயோ மாதந்தோறும் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் மகன் பாடற்குழுவில் நிற்பானென்று பார்ப்பார். அவன் கடைசி வரிசையில் நிற்பான்.

எங்கள் பங்கில் நாற்பது ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் இதனை முதலில் கண்டுகொண்டார். கருவியைக் கட்டிலடியிலிருந்து எடுக்கச் சொல்லி, கழுத்தைக் கண்ணுக்கு நேராகத் துப்பாக்கிபோல் பிடித்துப் பார்த்தார். "பாதி குற்றம் வெயிலுடையது, பாதி மட்டுமே கருவியுடையது" என்றார். மதுரையில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவரிடம் இருவரும் சென்றனர். கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது. அதன் முனையிலுள்ள திருகைக் கால் சுற்று, கால் சுற்றாய் முறுக்கினால் வளைந்த கழுத்து நிமிரும். வளைந்த கழுத்தை நிமிர்த்தலாம். துணி பிழிந்ததுபோல் முறுக்கிக்கொண்ட கழுத்தை நிமிர்த்த இயலாது. நற்காலமாக இது வளைவு மட்டுமே. ரூ.1,500 செலவில் கருவிக்கு மீண்டும் உயிர் வந்தது. முதல்தரம் என்று சொல்லமுடியாது, வாசிக்கலாம்.

தோட்டை மீட்கப் பங்கிலிருந்து பணம் தரலாமே என்று சிலர் கூறினர். அத்தாய் அதனை ஏற்கும் இயல்பினர் அல்லர். பையனே விடுமுறை நாட்களில் பந்தல், மைக் செட் போடும் கடையொன்றில் வேலை செய்து ஆறு திங்களில் மீட்டுக் கொடுத்தான். அந்த வேலையில் ஒலிபெருக்கிகளைப் பற்றி அவன் கற்றது, எந்தக் கடைக்காரரும் சொல்லித்தராத பாடம்.

கடைக்குச் செல்லுமுன்

இந்நிகழ்ச்சிக்குப்பின் பங்குப்பேரவை ஒரு முடிவு செய்தது. பிள்ளைகள் தனித்தனியே கடன்பட வேண்டா. அறுவடைத் திருவிழா ஏலத்தில் வந்த பணத்தில் பங்குக்கென்று பொதுவாக ஒரு பாஸ் கிட்டார் வாங்குவோம். கற்க விரும்பும் எப்பிள்ளையும் முறைவைத்துப் பயிலட்டும் என்பதே அம்முடிவு. பெரியவரும், அந்தப் பையனும், பாடற்குழுவினர் இருவரும் மாட்டுத்தாவணிப் பேருந்து ஏறினர். நாமும் உடன் சென்றோம்.

கடையில் விற்பனை இளைஞர் ஒருவர் ரூ.45,000 விலையுள்ள பளபளப்பான கருவியை எடுத்து, கட்டைவிரலால் கம்பிகளை அடித்தும் சுண்டியும் மின்னல் வேகத்தில் வாசித்துக் காட்டினார். எங்கள் பிள்ளைகள் வாய்பிளந்து நின்றனர். பெரியவர் மட்டும் அசையவில்லை. "தம்பி, வேகம் போதும். ஒரே கம்பியை ஒருமுறை தட்டிவிட்டு, அது அடங்கும்வரை சும்மா இரு" என்றார். இளைஞர் அவ்வாறே செய்தார். பெரியவர் விரல்விட்டு எண்ணினார். பிறகு ரூ.19,500 விலையுள்ள, பளபளப்பில்லாத ஒன்றை எடுக்கச் சொல்லி அதே சோதனையைச் செய்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரம் ஒலித்தன. இரண்டாவதையே வாங்கினோம், கணினியில் அச்சிட்ட பில்லுடன்.

அன்று பெரியவர் செய்த சோதனைகளை நம் குடும்பங்களின் நன்மைக்காக ஈண்டுத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, கழுத்தை நேராகப் பார்த்தல். மிகச் சிறிய குழிவு தேவையே; கம்பி அதிர இடம் வேண்டும். வில்போன்ற வளைவும் முறுக்கும் ஆகா.

இரண்டாவது, ஒவ்வொரு கம்பியிலும் மெட்டு மெட்டாக மெதுவாக வாசித்து வருதல். எங்கேனும் கம்பி இரைந்தால், அல்லது சுரம் உடனே செத்துவிழுந்தால், அதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பன்னிரண்டாம் மெட்டு. திறந்த கம்பியின் சுரமும் பன்னிரண்டாம் மெட்டின் சுரமும் ஒரே சுரத்தின் கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியுமாய் இசையவேண்டும். செவி தேர்ந்த ஒருவர் பாடிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நான்காவது, ஒலிக் குமிழ்களைத் திருகிப் பார்த்தல். கரகரவென்று இரைந்தால் உள்ளே தூசி படிந்திருக்கலாம், அல்லது பற்றவைப்பு விட்டிருக்கலாம்.

ஐந்தாவது, தோளில் மாட்டிக் கால்மணி நேரம் நிற்றல். பாஸ் கிட்டார் ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ளது. கழுத்து தானே கீழே சரிந்தால் இடக்கை அதனைத் தாங்கியே சோர்ந்துவிடும். அகலமான தோள்பட்டை வாங்குவதில் சிக்கனம் கூடாது.

பேட்டரி வைத்த கருவிகளும் உண்டு. வாசித்து முடித்தபின் அவற்றின் ஒயரைப் பிடுங்கி வைக்காவிட்டால் பேட்டரி வீணாகும். பழைய கருவி வாங்குவது இழுக்கன்று. மேற்கண்ட சோதனைகளில் தேறினால், பழைய நல்ல கருவி புதிய மட்டமான கருவியைவிட மேலானதே.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டில் பயில 15 அல்லது 20 வாட் போதும். ஆனால், பாஸுக்கென்றே செய்த ஒலிபெருக்கியாக இருக்கவேண்டும். சாதாரணக் கிட்டாரின் சிறு ஒலிபெருக்கியில் உரக்க வாசித்தால் ஒலிவாயின் கூம்பு கிழிந்துபோகும். ஆலயத்துக்குத் தனியே பெரிய ஒலிபெருக்கி வேண்டுமென்பதில்லை, டி.ஐ. பெட்டி என்னும் சிறு இணைப்புப் பெட்டி வழியாக ஆலயத்தின் மிக்சரிலேயே சேர்க்கலாம். எதுவாயினும், மூன்று முனைப் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் இன்றி மின்சாரக் கருவியைத் தொடக்கூடாது. ஒரு கையில் கிட்டார்க் கம்பி, உதட்டருகே மைக். எர்த் இல்லையேல் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது நம் பிள்ளை.

கருவியை வெயில் படும் சன்னலோரத்திலும், தகரக் கூரைக்கு அருகிலும், பூட்டிய வண்டிக்குள்ளும் வைக்கவேண்டா. மரம் வெட்டப்பட்டபின்னும் காற்றின் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்பப் பருத்தும் சுருங்கியும் வருகிறது என்பதைத் தச்சுவேலை அறிந்த நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பில்லும் கடனும்

பில் இன்றி வாங்குவது ஆதாயம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமையே முறையற்ற வணிகம். பழுதுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வழியுண்டு. அதற்குக் கையில் ஒரு துண்டுத்தாள் வேண்டும். அத்தாள்தான் ஏழையின் சாட்சி. வரி ஏய்ப்புக்குத் துணைபோவது அறமன்று என்பது ஒருபுறமிருக்க, அவ்வாறு மிச்சமாகும் பணத்தைவிட இழக்கும் பாதுகாப்பே பெரிது.

கடனைப் பற்றி ஒரு வரலாறு. 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருபது வயதுகூட நிரம்பாத ஆங்கிலேய இளைஞர் ஒருவர் பாஸ் கிட்டார் வாங்கக் கடைக்குச் சென்றார். அவர் உள்ளம் நாடியது ஃபெண்டர். அதன் விலையோ அவருக்கு எட்டாதது. கடன்படாதே என்று சிறுவயது முதல் தந்தை சொல்லி வளர்த்த வீடு அது. ஆகவே, வயலின் வடிவிலிருந்த ஹோஃப்னர் என்னும் மலிவான கருவியை ஏறத்தாழ 30 பவுன் கொடுத்து வாங்கினார். அவர் இடக்கைக்காரர். இருபுறமும் ஒத்த வடிவாதலால், தலைகீழாகப் பிடித்தாலும் அது விகாரமாய்த் தோன்றாது என்பதையும் கருதினார். அவரே பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. அந்த மலிவான கருவியைக் கொண்டே அவர் குழு உலகறியத் தொடங்கிற்று. 1972-ல் லண்டனில் அது திருடுபோயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டபின், அது கிடைத்துவிட்டதென்ற செய்தி 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. விலை குறைந்த கருவி, நிறைந்த உழைப்பு, கடனற்ற உறக்கம் ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், திருவிழாவுக்கும் செல்போனுக்கும் இப்போது கிட்டாருக்கும் வட்டிக்கு வாங்கும் வழக்கம் நம் தெருக்களில் நின்றபாடில்லை. பிள்ளையின் ஆசையை அடக்குங்கள் என்று நாம் கூறவில்லை. ஆசைக்கு ஓராண்டு தவணை கொடுங்கள் என்கிறோம். முதலில் யாரிடமேனும் இரவல் வாங்கிப் பயிலட்டும். ஓராண்டின் முடிவிலும் விரல் நுனி காய்த்து, உள்ளம் சலிக்காதிருந்தால், அப்போது வாங்குவது செலவன்று, முதலீடு.

ஆலயத்தில் இதற்கு இடமுண்டா?

1903-ல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை ஆலயத்தில் பியானோவையும் இரைச்சலான தாளக் கருவிகளையும் விலக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழாய் ஆர்கனுக்குத் தனிச்சிறப்பு அளித்தபின், வழிபாட்டுக்குத் தகுவனவாகிய பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்று வழிவிட்டது. 1967-ஆம் ஆண்டின் திரு இசை பற்றிய அறிவுரை, அந்தந்த மக்களின் பண்பாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்பதோடு, உலகியல் கேளிக்கைக்கே உரியவை என்று பொதுவாகக் கருதப்படுபவை விலக்கப்படவேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே, 'இன்ன கருவி' என்பதோடு கேள்வி முடிவதில்லை. அது மன்றாட்டுக்குத் துணை நிற்கிறதா, மன்றாட்டை மூழ்கடிக்கிறதா என்பதையும் நோக்கவேண்டும்.

இங்கே கட்டடமும் பேசுகிறது. 41 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையுமுள்ள நம் ஆலயங்களில் அது எளிதில் அடங்குவதில்லை. மூலைகளில் குவிந்து குமுறுகிறது. ஒலிபெருக்கியை மூலையில் வைக்காதீர்கள். சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். பாடற்குழுவின் இடத்தில் நிற்பவருக்கு அளவாய்க் கேட்பது, கடைசி வரிசையில் அமர்ந்த மூதாட்டிக்கு நெஞ்சில் இடிபோல் விழலாம். எங்கள் பங்கில் ஒத்திகையின்போது பாடற்குழுவினர் ஒருவர் கடைசி வாங்கில் சென்று அமர்ந்து கேட்டுச் சொல்வார். பாடலின் சொற்கள் அங்கே தெளிவாகக் கேட்கும்வரை பாஸின் குமிழைக் குறைப்பார்கள். இவ்வெளிய முறைக்குப் பணம் தேவையில்லை.

திறமையும் துணையும்

ஜேக்கோ பாஸ்டோரியஸ் என்ற அமெரிக்கர் இக்கருவியின் போக்கையே மாற்றியவர். மெட்டுகளைப் பெயர்த்தெடுத்து, பாஸைப் பாடவைத்தவர். ஃபுளோரிடாவில் புனித கிளமெண்ட் ஆலயத்தில் பூசை உதவிச் சிறுவனாய் நின்றவர் அவர். மனநோயும் குடியும் பற்றிக்கொள்ள, தெருவில் அலைந்தார். தம் கருவியையும் 1986-ல் களவு கொடுத்தார். 1987 செப்டம்பரில் ஒரு விடுதி வாயிலில் தாக்குண்டு 35 வயதில் இறந்தார். திறமை ஒருவனை உயரத் தூக்கும். விழும்போது தாங்குவதற்குத் திறமை போதாது, மனிதர் வேண்டும். இசைப்பிள்ளையின் முகம் வாடினால், 'கலைஞனுக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

இன்னொருவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960-களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்திலிருந்து உலகெங்கும் ஒலித்த பாடல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாஸ் வாசித்தவர். வலக்கையின் ஒரே விரலால் வாசித்தவர். 1971 வரை அந்நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் வாத்தியக்காரர்களின் பெயர் அச்சிடப்படவில்லை. கோடிக்கணக்கானோர் அவர் வாசிப்புக்குத் தலையசைத்தனர். அவரை யாரென்று அறிந்தவர் சிலரே. 1983-ல் அவர் மறைந்தார். பெரும் பாராட்டுகள் அதன் பின்னரே வந்தன.

பெயரின்றி உழைப்பது புண்ணியம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. உழைத்தவரின் பெயரைச் சொல்லாதிருப்பது கேட்டவர்களின் குறை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. நம் இல்லங்களிலும் இப்படிச் சிலர் இருக்கின்றனர். விடியலில் எழுந்து அடுப்பு மூட்டுபவர், மாதக் கடைசியில் கணக்கை நேர்செய்பவர், நோயுற்ற பாட்டியைத் திருப்பிப் படுக்கவைப்பவர். அவர்கள் ஒருநாள் நின்றால்தான் வீட்டின் சுருதி விலகியது தெரியும். நிற்குமுன்னே சொல்லிவிடுவது நலம்.

வரும் ஞாயிறு திருப்பலியில் வருகைப் பாடல் தொடங்கும்போது, பாடுவோரின் குரலுக்கும் தாளத்துக்கும் கீழே செவியைத் தாழ்த்திக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பங்கில் பாஸ் கிட்டார் இருக்குமாயின், முதலில் பிடிபடாது. இரண்டாம் சரணத்துக்குள் பிடிபட்டுவிடும். பிடிபட்டபின், ஆலயத்தைவிட்டு வெளியேறும்போது அதை வாசித்த பிள்ளையிடம் ஒரே சொல் சொல்லுங்கள்: "கேட்டது." அதைவிடப் பெரிய பாராட்டு அப்பிள்ளைக்குத் தேவையில்லை.